கிடைக்காரன் கோட்டு

இப்போதெல்லாம் யாரும் குளிருக்கு உடுத்துவதில்லை. போட்டோவுக்கு உடுத்துகிறார்கள். பழைய சாமானைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்களே, பழசுதான் அழகு என்று இன்று தேடி வருகிறார்கள். இவர்கள் சொல்வதில் எதை நம்புவது?

மாசி மாதம் அப்படித்தான் ஹரிகிருஷ்ணன் என் கிடைக்கு வந்தான். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் நடத்திய பூவனநாதன் முதலாளியின் பேரன். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. நான் விளாத்திகுளம் ரோட்டில் ஒருத்தர் காட்டில் எருவுக்காக எண்பது ஆட்டை வலைக்குள் அடைத்துக் கிடை போட்டிருந்தேன். காரை விட்டு இறங்கியவன் ஆட்டையும் பார்க்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. என் மேல் கிடந்த கோட்டைத்தான் பார்த்தான்.

“கோனாரே, இது எங்க தாத்தா கோட்டுதான?”

“ஆமா. அவிய கையால குடுத்தது.”

தீப்பெட்டி விற்க ரயிலேறி வடக்கே போகும்போது குளிர் தாங்க முதலாளி தைத்த கோட்டு. நான் அவர் காட்டில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்கியதைப் பார்த்துக் கழற்றிக் கொடுத்தார். இருபத்தாறு வருசம் ஆயிற்று. பனியில் பிறக்கிற குட்டியை இதன் உள்பையில் போட்டு நெஞ்சோடு வைத்திருந்தால்தான் விடியும்போது உயிரோடிருக்கும். அதற்கென்றே என் பெண்டாட்டி முத்துத்தாய் பையைப் பெரிதாக்கித் தைத்திருந்தாள்.

“வார வெள்ளிக்கிழம எனக்கு ரிசப்சன். இப்ப பழைய மாடல்தான் பேஷன். குடுங்க, அன்னைக்கே திருப்பித் தாரேன்” என்று சொல்லி ஒரு புது ஜெர்கினை நீட்டினான். “அதுவரைக்கும் இதப் போடுங்க.”

முதலாளி முகத்துக்காகக் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஜெர்கின் அசைந்தால் சரசரவென்று சத்தம். வலைக்குள் கால் வைத்ததும் ஆடெல்லாம் மிரண்டு ஒரு மூலைக்கு ஓடியது. நான் வளர்த்த நாயே என்னைப் பார்த்துக் குரைத்தது. ஜெர்கினுக்கு உள்பையும் கிடையாது. குட்டியை உள்ளே விட்டால் வழுக்கிக்கொண்டு கீழே வந்துவிடும். நாலு நாளில் பிறந்த மூன்று குட்டியில் இரண்டு விறைத்துச் செத்தன. இன்னும் ஒரு ஆடு அன்றோ மறுநாளோ ஈன இருந்தது. முத்துத்தாயைக் காவல் வைத்துவிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெர்கினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோவில்பட்டி மண்டபத்துக்குப் போனேன். சாப்பாட்டுக்கு இல்லை. கோட்டுக்கு.

மேடையில் ஹரிகிருஷ்ணன் நின்றான். கோட்டை வெளுத்துத் தேய்த்திருந்தார்கள். அளவெல்லாம் அவனுக்குக் கச்சிதம்தான். ஆனால் ஆள், முளையடித்துக் காயப்போட்ட ஆட்டுத்தோல் மாதிரி இருந்தான். நிமிசத்துக்கு ஒரு தரம் கோட்டுக் கையை இழுத்துவிட்டான். எதிரே கண்ணாடித் தூணில் தன்னையே பார்த்துக்கொண்டான். கோட்டுப் போட்டிருக்கிறோம் என்பது அவனுக்கு ஒரு நொடிகூட மறக்கவில்லை.

“சார், தோள இறக்குங்க. கொஞ்சம் லூசா நில்லுங்க. ஏலே, லைட்ட அங்கன திருப்பு” என்று போட்டோக்கார விஜயராஜ் கத்திக்கொண்டே இருந்தான்.

மணப்பெண் பிரேமாவுக்குப் பொறுக்கவில்லை. “கழத்திருங்க. நாடகத்துக்கு வாடகைக்கு எடுத்த மாதிரி இருக்கு” என்றாள்.

முன்வரிசையே சிரித்தது. அவன் கழற்றி நாற்காலியில் எறிந்தான். நான் மேடையேறி, என்னுடையதை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

“அண்ணாச்சி, அப்படியே நில்லுங்க!” விஜயராஜ் ஓடிவந்தான். “பாருங்க சார், இவியளுக்குன்னே தச்ச மாதிரி இருக்கு!”

“கோனாருக்கு எங்க தாத்தாவோட தோள்பட்ட. அந்த வாகு வேணும்” என்றான் ஹரிகிருஷ்ணன்.

“இல்ல சார், கலரு. கருத்த ஆளுக்குத்தான் இந்தத் துணி எடுப்பா இருக்கும்.”

தோள்பட்டையாம்! முதலாளி என்னைவிட ஒரு சாண் குட்டை. கோட்டுக் கை எனக்கு மணிக்கட்டுக்கு மேலேயே நிற்கும். நிறம் என்றால் அவர் எலுமிச்சம்பழம் மாதிரி சிவப்பு. அவருக்கும்தான் அது பாந்தமாக இருந்தது. அவருக்குக் குளிர் அடித்தது, போட்டார். எனக்கும் அப்படித்தான். இதை இந்தப் பயல்களிடம் யார் சொல்லிக்கொண்டிருப்பது?

கை உள்பையைத் தேடியது. காணோம். பையின் வாயை மூடித் தைத்துவிட்டிருந்தார்கள்.

“பைய ஏன் தம்பி தச்சீங்க?”

“தொங்குச்சு, அசிங்கமா இருந்துச்சு. அழகுக்குப் போடுறதுல பை எதுக்கு?”

“ஆடு ஈனுனா குட்டிய எங்க வைக்க? ஒம்ம மடியிலயா?”

“கோவிச்சுக்கிடாதீங்க கோனாரே. ஒரே ஒரு போட்டோ. பெரிசாப் போட்டு வீட்டுல மாட்டுதேன்.”

“செத்த ரெண்டு குட்டியையும் சேத்து மாட்டும்.”

ஜெர்கினை அந்த நாற்காலியில் போட்டுவிட்டு இறங்கினேன். முதுகுக்குப் பின்னால், ‘தோள்பட்டதான்’, ‘இல்ல, கலருதான்’ என்று இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். இதில் ஒரு சொல்லையும் நான் நம்பவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

விளாத்திகுளம் பஸ்ஸுக்கு நடந்துகொண்டே தையலைப் பல்லால் கடித்தேன். நைலான் நூல். அதிலும் இரட்டைத் தையல். கிடைக்குப் போய்ச் சேருவதற்குள் பிரித்தாக வேண்டும்.