படகுப் பாலத்தில் நின்றவள்

புவெப்லா நகரத்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய வீடியோ கேம் கேசட்டுகள் விற்பது என் பிழைப்பு. லெத்திசியா என் கடைக்கு முதன்முதலில் வந்தபோது அவளுக்கு இருபத்தைந்து வயது. கேசட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "'ஃப்யூரி ஹார்பர்'னு ஒரு சண்டை கேம் இருக்கா?" என்று கேட்டாள். நான் கேள்விப்பட்டதே இல்லை. அடுத்த ஞாயிறும் வந்தாள். அதற்கடுத்த ஞாயிறும்.

"நீ கேக்கறது வரும்னு எனக்குத் தோணல. வேற ஏதாவது எடுத்துக்கயேன்," என்றேன்.

"வேற எதுவும் வேணாம். நீ தேடு."

அப்படித் தேடிக்கொண்டே இருந்ததில் அடுத்த வருடம் எங்களுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது.

அந்த கேமின் கதையைக் கல்யாணத்துக்கு முன்பே அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். அவள் தெருவில் எவாரிஸ்தோ என்று ஒருவன். தெருமுனை மருந்துக்கடையில் காசு போட்டால் ஓடும் சண்டை மெஷின் ஒன்று இருந்தது. பள்ளி விட்டதும் இருவரும் நேரே அங்கேதான் போவார்கள். பதினேழு வயதில் அவன் எல்லை தாண்டி நியூயார்க் போனான். அங்கே ஒரு சலவைக் கடையில் வேலை. அந்தக் கடையிலும் ஒரு மெஷின் இருக்கிறது, அதில் 'ஃப்யூரி ஹார்பர்' என்று புது கேம் ஓடுகிறது என்று எழுதினான். இரண்டு வருடத்தில் பதினோரு கடிதங்கள். எல்லாவற்றிலும் அந்த கேம்தான். அதில் உப்பளத்து ஊரிலிருந்து வந்த ஒருத்தி, நீளப் பின்னல் போட்டவள். அவள் முதல் அடி அடிக்கவே மாட்டாளாம். ஜெயித்தால் கைதூக்கி ஆடாமல், தரையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைப் பிடித்துவிட்டுக்கொள்வாளாம். பதினோராவது கடிதத்தில், கடைசிச் சண்டைக்காக அவள் படகுகளைச் சேர்த்துக் கட்டிய பாலத்தில் வந்து நிற்கிறாள். அதோடு கடிதங்கள் நின்றன. அவன் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான் என்று பிறகு தெரிந்தது.

எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். அந்த கேம் கிடைத்துவிட்டால் இந்தத் தேடல் ஓய்ந்துவிடும் என்ற சுயநலமும் இருந்தது. அந்த கேமை வீட்டில் ஆட வைக்கும் கேசட் ஒன்றும் வந்திருந்தது. ஆனால் அதைப் போட்ட கம்பெனி நாலே மாதத்தில் இழுத்து மூடப்பட்டதால் உலகத்திலேயே சில நூறுதான் மிஞ்சியிருந்தன. எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு, எல்லைக்கு அந்தப் பக்கம் டூசான் ஊர்க்காரர் ஒருவரிடம் ஒன்று இருப்பது தெரிந்தது. என்னிடம் இருந்த மிக நல்ல மூன்று கேசட்டுகளை அட்டைப்பெட்டியோடு கொடுத்து அதை வாங்கினேன். "நல்லா யோசிச்சுக்கங்க. இது ரொம்ப மோசமான கேம்," என்று அவர் இரண்டு முறை எழுதினார்.

ஒரு சனிக்கிழமை மதியம் அதை அவள் கையில் கொடுத்தேன். சோளமாவு ஒட்டியிருந்த கையைக் கழுவி, துடைத்து, திரும்பவும் துடைத்துவிட்டு வாங்கினாள். என் தோளில் நெற்றியை வைத்துச் சற்று நேரம் நின்றாள்.

பிறகு விளையாட உட்கார்ந்தாள்.

ஆறே பேர்தான் சண்டைக்காரர்கள். அதில் இருவர் ஒரே ஆள், சட்டை நிறம்தான் வேறு. குதித்தால் தண்ணீருக்குள் குதிப்பதுபோல் மெதுவாக இறங்கினார்கள். உதைத்தால் கால் எதிராளியின் உடம்புக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெண் என்று இருந்தவள் ஒருத்திதான். மஞ்சள் முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். கடைசிச் சண்டை ஒரு செங்கல் சுவருக்கு முன்னால் நடந்தது. நாற்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்து, 'வாழ்த்துகள்' என்பதை எழுத்துப் பிழையோடு காட்டி நின்றது.

லெத்திசியா ஆறு பேரையும் வைத்து ஆறு முறை முடித்தாள். வெளியே பொழுது சாய்ந்துவிட்டது.

"இதுல அவ இல்லையே, ரொகேலியோ," என்றாள்.

"கேசட்ல குறைச்சிருப்பாங்க. மெஷின்ல இருந்திருக்கும்."

அவள் என்னையே பார்த்தாள். "உனக்குத் தெரியுமா, சும்மா சொல்றியா?"

சும்மாதான் சொன்னேன். டூசான்காரரைக் கேட்டேன். மெஷினிலும் இதே ஆறு பேர்தான் என்று படத்தோடு அனுப்பினார். காட்டாமல் விட்டிருக்கலாம். காட்டினேன்.

திங்கட்கிழமை அவள் என்னையும் கூட்டிக்கொண்டு எப்ராசியா அத்தையைப் பார்க்கப் போனாள். எவாரிஸ்தோவின் அத்தை அவர். மார்க்கெட்டில் செமித்தா ரொட்டி விற்கிறார். போன் நம்பர் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்தார்.

"இருபத்தாறு வருஷம் கழிச்சுக் கேக்கறியே, உங்க வீட்டுக் கடிகாரம் நின்னுபோச்சா?" என்றவர், என்னை மேலும் கீழும் பார்த்தார். "புருஷனையும் கூட்டிக்கிட்டு வந்திருக்கா பாரு, தைரியம்தான்."

நம்பர் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து ஸ்பீக்கரில் போட்டாள். நான் எழுந்து போகப் பார்த்தேன். "இங்கயே இரு," என்றாள்.

எவாரிஸ்தோவின் குரல் நான் நினைத்ததைவிடக் கிழடாக இருந்தது. குசலம் எல்லாம் முடிந்த பிறகு அவள் கேமைப் பற்றிக் கேட்டாள்.

"அந்த மெஷினா?" என்றான். "அது ஓடவே இல்ல, லெத்தி. நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து 'பழுது'ன்னு பேப்பர் ஒட்டிக் கிடந்துச்சு. பக்கவாட்டுல படம் வரைஞ்சிருக்கும். அதைப் பார்த்துக்கிட்டே துணி மடிப்பேன்."

"அப்ப எழுதினதெல்லாம்?"

"பின்ன என்னத்த எழுதறது? பதினாலு மணி நேரம் துணி மடிச்சேன், கால் வீங்கிப்போச்சு, இங்க ஒருத்தரும் பேசறதில்லைன்னா?"

லெத்திசியா மெதுவாகக் கேட்டாள்: "அவ படகுப் பாலத்துல வந்து நிக்கிறா. அதோட நிறுத்திட்ட. அப்புறம் என்ன ஆச்சு?"

"எவ?"

"பின்னல் போட்டவ."

"ஞாபகம் இல்லையே, லெத்தி," என்றான். "நான் அப்படியா எழுதினேன்?"

அவள் முகம் எப்படிப் போயிற்று என்று எனக்குத்தான் தெரியும். எழுந்து போய்க் கடிதக் கட்டைக் கொண்டுவந்து, முதல் கடிதத்தைப் பிரித்து அவனுக்கு வாசித்துக் காட்டினாள். நிதானமாக, ஒரு வார்த்தை விடாமல். அடுப்பில் அவரைக்கொட்டை தீய்கிற வாசம் வந்தது. நான் போய் அணைத்துவிட்டுத் திரும்பியபோது போனில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"இதெல்லாம் எழுதின அந்தப் பையனை நான் மறந்தே போயிட்டேன்," என்றான். அப்புறம், "இன்னும் இருக்கா?"

"பத்து இருக்கு. அடுத்த திங்கக்கிழமை கூப்பிடு."

கூப்பிட்டான். திங்களுக்கு ஒரு கடிதம் வாசித்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். சில நாள் சிரித்தார்கள். அவனுடைய மகள் பின்னாலிருந்து கேட்பதும் எங்களுக்குக் கேட்கும். பதினோராவது கடிதம் முடிந்ததும், "ரொம்ப நன்றி, லெத்தி," என்று சொல்லி வைத்தான். அடுத்த திங்கள் அவள் போனை மேசைமேல் வைத்துவிட்டுத் துணி தைத்துக்கொண்டிருந்தாள். அது அடிக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் அடிக்கவில்லை. மூன்றாவது திங்கள் போனைச் சமையலறையிலேயே விட்டுவிட்டாள்.

"நீயே கூப்பிடேன்," என்றேன்.

"வாசிக்க என்ன இருக்கு?"

கேசட்டை என்ன செய்வதென்று நான் கேட்கவில்லை. அவளே ஒரு ஞாயிறு சந்தைக்கு வந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் அதை வைத்தாள். மதியத்துக்குள் மோந்தெர்ரேயிலிருந்து வந்த ஒரு மனிதர் அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். ஒன்பது வருடமாகத் தேடுகிறாராம்.

"நல்லா இருக்காதுங்க," என்றாள் லெத்திசியா. "ஆறே பேர். குதிச்சா இறங்கவே மாட்டான். நான் முழுசா விளையாடிட்டுத்தான் சொல்றேன்."

"தெரியும்மா. எல்லாரும் அதேதான் சொல்றாங்க," என்றார் அவர். "இருந்தாலும் வேணும்."

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கண்ணாடியைத் திறந்து, கேசட்டைத் தன் பாவாடையிலேயே ஒருமுறை துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தாள்.