மலையிலேயே நல்ல பித்தப்பை

வெள்ளிமலையில் ஆராய்ச்சி முகாம் போட்ட டாக்டர் தனசேகரன் மூன்று நாளில் அறுபது வயிறுகளை ஸ்கேன் செய்தார். ஒரு முகத்தையாவது ஏறிட்டுப் பார்க்கவில்லை. கல்லீரல், பித்தக்குழாய் நோய்களில் பேர்போன பேராசிரியராம். பள்ளிக்கூட ஜன்னல்களைப் போர்வையால் மூடிவிட்டு, இருட்டில் திரையைப் பார்த்தபடி "அடுத்து, அடுத்து" என்பார். அவருக்குப் படிவம் நிரப்பும் வேலை இசைவாணிக்கு. மலையில் பிறந்து, கள்ளக்குறிச்சியில் நர்சிங் படித்தவள்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவர் துள்ளிக் குதிக்காத குறை.

"அம்பத்தொம்பது பேருக்குப் பித்தப்பை சுருங்கியிருக்கு இசைவாணி. உலகத்துல எங்கயும் இப்படிக் கெடையாது. இந்த ஜனங்க பரம்பரையிலயே ஏதோ கோளாறு."

"மிச்சம் ஒருத்தரு?"

"சாலம்மாள்னு ஒரு பொம்பள. நல்லா நெறஞ்சு இருக்கு. மலையிலயே உனக்குத்தான் நல்ல பித்தப்பைன்னு சொல்லி அனுப்பினேன்."

இசைவாணிக்குச் சுருக்கென்றது. சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கும் என்பது அவளே படித்த பாடம். அதனால்தான் எல்லோரையும் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். எல்லோரும் வெறும் வயிறு என்றார்கள், அவளும் டிக் போட்டாள். ஆனால் விடிந்ததும் ஒரு சொம்பு கூழ் குடிக்காமல் இங்கே யார் வெளியே கிளம்புகிறார்கள்? கூழை இங்கே யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. சாப்பாடு என்றால் சோறு. அவளே அன்று காலை கூழைக் குடித்துவிட்டு, இன்னும் சாப்பிடவில்லை என்று டீக்கடையில் சொல்லிவிட்டு வந்தவள்தான். தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அப்படியானால் சாலம்மாளுக்கு மட்டும் ஏன் சுருங்கவில்லை? பத்து நாளாய்க் கூழ்கூட இறங்கவில்லை, உடம்பெல்லாம் அரிக்கிறது என்று அவள் வரிசையில் புலம்பியது இப்போதுதான் உறைத்தது. அப்போது இசைவாணியும் படிவத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே ஓடினாள். மரத்தடியில் உட்கார்ந்திருந்த சாலம்மாளின் இமையை வெளிச்சத்தில் இழுத்துப் பார்த்தாள். மஞ்சள். வெளிக்குப் போவது சுண்ணாம்பாய் வெளுத்துப் போகிறது என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பித்தக்குழாயில் அடைப்பு. கீழே இறங்க வழியில்லாமல் பித்தம் தேங்கி, பை உப்பிக் கிடக்கிறது. அதைத்தான் அந்த மேதை நல்லது என்றிருக்கிறார்.

உள்ளே போய்ச் சொன்னாள்.

"கூழ்னா தண்ணிதானே?" என்றார் தனசேகரன்.

"மோரு ஊத்தி, கருவாடு கடிச்சிக்கினு குடிப்போம் சார். வயிறு ரொம்பிடும்."

"மாநாட்டுக்கு இப்பத்தான் எழுதி அனுப்பினேன். கூழு, கருவாடுன்னு வந்து நிக்கற."

"அது உங்க இஷ்டம் சார். சாலம்மாக்காவ இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போவணும். நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாத்தான் கெளம்புவாங்க."

"காமாலை இருந்தா ஆய்வுக்கு ஆகாது. பேர அடிச்சுடு." மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நல்லாருக்குன்னு அத்தன பேரு முன்னால சொன்னத இப்ப மாத்திச் சொன்னா என்னை எவன் மதிப்பான்?"

இவ்வளவு பெரிய படிப்பு, இவ்வளவு சின்ன ஆள். அவரோடு மேற்கொண்டு பேசுவதே அசிங்கமாக இருந்தது அவளுக்கு.

சாலம்மாள் இடத்தைவிட்டு அசையவில்லை.

"போ இசை. அவ்ளோ பெரிய டாக்டரு மிசின்ல பாத்து சொல்லிக்கிறாரு. ஊருக்கே சீக்கு, எனக்கு மட்டும் ஒண்ணுமில்ல. நீ இன்னாத்துக்கு அடிச்சிக்கிற? நாளைக்கு மரவள்ளி புடுங்கற வேல கீது."

இசைவாணி கெஞ்சினாள், திட்டினாள், கண் மஞ்சளைக் கண்ணாடியில் காட்டினாள். வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும் என்றாள் சாலம்மாள். கள்ளக்குறிச்சி போகும் பஸ் ஹாரன் அடித்தது. அதை விட்டால் அன்றைக்கு வேறு பஸ் இல்லை.

"அதாங்க்கா சொல்ல வந்தேன்," என்றாள் இசைவாணி. "ஊருலயே நல்லா கீறது உன்னுது மட்டும்தான். கீழ ஆஸ்பத்திரில எல்லா டாக்டருக்கும் காட்டணுமாம். அவருதான் உன்ன இட்டுக்கினு போவச் சொன்னாரு."

சாலம்மாள் உடனே எழுந்தாள். வீட்டுக்குப் போய் முகம் கழுவி, திருவிழாவுக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அதுவரை பஸ்ஸை நிறுத்தி வைக்க இசைவாணி கண்டக்டரின் காலில் விழாத குறை.

பஸ் மலை இறங்கியது. வளைவுக்கு வளைவு வரும் குமட்டலை முந்தானையால் அடக்கிக்கொண்டு சாலம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் தன் பித்தப்பையின் பெருமையைச் சொன்னாள். அந்தப் பெண் நம்பவில்லை. நர்ஸ் பெண்ணிடமே கேட்டுவிடலாம் என்று பின்சீட்டுப் பக்கம் திரும்பினாள்.

"மெய்தானா பாப்பா?"

"ஆமா," என்றாள் இசைவாணி.