தண்ணிக்குக் கீழே பித்தளை

கரையேற்றி முட்டுக்கொடுத்திருந்த படகின் அடியில் மல்லாந்து படுத்ததுமே பரிசோதகருக்குக் குமட்டியது. வெயிலில் செத்துக்கொண்டிருந்த சிப்பிகளின் நாற்றம். போதாதென்று பாசித்தண்ணீர் மூக்கின்மேல் சொட்டியது. தலை நரைத்தும் இந்த வாடை மட்டும் பழகவில்லை. படகு தங்கை வீட்டுக்காரருடையது. பரிசோதகர் சரியென்று கையெழுத்துப் போட்டால், நாளைக் காலை ஆட்களை ஏற்றிக்கொண்டு அக்கரைக்குக் கிளம்பிவிடும். டிக்கெட் கிழிக்கத் தங்கையும் கூடவே போவாள்.

முன்பக்கம் ஒரு திருகாணி, சுக்கானருகே ஒன்று கழற்றினார். இரண்டும் நல்ல வெண்கலம். வழக்கமாக நடுவில் ஒன்று பார்ப்பார்; இன்று அந்த இடத்தை முட்டுக்கட்டை மறைத்திருந்தது. சரி போகிறதென்று பக்கத்துப் பலகையில் பெயிண்டைச் சுரண்டினார்.

"அங்க எதுக்கு மச்சான்? கட்டைய நகத்தித் தர்றேன்" என்று ஓடிவந்தார் மாப்பிள்ளை. ஒரு வேலைக்குக் கூப்பிட்டால் காதே கேட்காத மனிதர் அவர்.

திருப்புளியைத் திருப்பியதும் தலை மட்டும் கழன்று வந்தது. மிச்சத்தைக் குறடால் பிடுங்கினார். ரோஜா நிறத்தில் இருந்தது. விரலால் நசுக்கினால் பொடியாக உதிர்ந்தது. பித்தளை. அதிலுள்ள துத்தநாகத்தைக் கடல்நீர் தின்றுவிட்டுச் செம்பை மட்டும் சக்கையாகத் துப்பியிருந்தது. அடுத்ததும் அப்படித்தான், அதற்கடுத்ததும்.

"அதுவும் மஞ்சளாத்தானே இருக்கு மச்சான். பெயிண்டுக்குள்ள யாரு பாக்கப்போறா?"

"நான்."

தான் பார்க்கிற இடத்தில் மட்டும் வெண்கலத்தைப் போடுமளவுக்கு இந்த ஆளுக்கு மூளை ஏது என்று பரிசோதகர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே தங்கை டீயோடு வந்தாள். பிடுங்கிப் போட்டிருந்ததைப் பார்த்தாள். முகம் மாறவில்லை.

"எப்பவும் அந்த மூணு எடத்துலதானேண்ணே பாப்ப? நீதான் சாப்பிடறப்ப சொல்லிட்டே இருப்பியே. அதான் அங்க மட்டும் நல்லதா போடச் சொன்னேன்."

அண்ணனுக்குக் காரம் ஆகாது, குறைத்துப் போட்டேன் என்பதுபோலச் சொன்னாள். டீயை வாங்கக்கூட அவர் கை நீளவில்லை. சிப்பி நாற்றமே தேவலாம் போலிருந்தது.

"நீயும்தானே இதுல போற?"

"தெனமும்தான் போறேன். என்ன ஆயிருச்சு? நீ கையெழுத்தப் போடு, அடுத்த வருஷம் எல்லாத்தையும் மாத்திடலாம்."

அவள் முகத்தைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. தன் தங்கை முகம் என்பதால் இன்னும் அருவருப்பாக இருந்தது. பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, பெயிண்டின்மேல் பலகைக்கு ஒன்றாகப் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே போனார். பின்னால் சரசரவென்று சத்தம் கேட்டுத் திரும்பினார். டீயைத் தரையில் வைத்துவிட்டு, தங்கை ஒவ்வொரு குறியையும் உள்ளங்கையால் துடைத்துக்கொண்டே வந்துகொண்டிருந்தாள்.