ஜெரோமியின் பெயருக்கு நேரே

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. மறைத்து என்ன ஆகப்போகிறது? நானுஓயா ஸ்டேஷனிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் வேனில், முன் சீட்டில் ஒரு பெண். மடியில் கொப்பி, காதில் போன். "பொன்னையாண்ணே, இருக்கீங்களா?" பதில் வந்ததும் கொப்பியில் ஒரு சரி போட்டாள். "மைக்கல், இருக்கீங்களா?" இன்னொரு சரி. இப்படி ஒன்பது பேர். கல்யாண வீட்டுக்கு ஆள் சேர்க்கிறாளோ என்று பார்த்தேன். பொறுக்க முடியாமல் கேட்டும்விட்டேன்.

"அவங்கல்லாம் கடல்ல இருக்காங்க சார்" என்றாள்.

கடலா? வேனுக்கு இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய மட்டும் தேயிலை.

2

முதல் வரி, முயற்சி ஒன்று: "ஆவேசமாக எழுந்த அலைகள், கப்பலின்—"

வேண்டாம். நான் கடலைப் பார்த்ததே நாலு தடவை. அதில் ஒரு தடவை படகில் ஏறி, குடலே வெளியே வந்ததுதான் மிச்சம்.

முயற்சி இரண்டு: "சுலக்ஷனா பாறைமேல் ஏறினாள்."

இது சரி. சுலக்ஷனா, வேனில் பார்த்த அந்தப் பெண். கடல் கதைதான், ஆனாலும் பாறையிலேயே தொடங்கட்டும்.

3

சுலக்ஷனா பாறைமேல் ஏறினாள். உடப்புசல்லாவைப் பக்கத்தில் அவள் பிறந்த தோட்டத்தில், போனுக்குச் சிக்னல் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். கொரோனா வந்த புதிது. இரண்டு நாள் லீவில் கொழும்பிலிருந்து வந்தவள், ஊரடங்கில் தோட்டத்து லய வீட்டு வரிசையிலேயே மாட்டிக்கொண்டாள். அவள் வேலை பார்த்தது மீன்பிடிக் கண்காணிப்பாளர்களைக் கப்பல்களுக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில்.

[கண்காணிப்பாளர் என்றால், அடுத்தவன் கப்பலில் ஒற்றை ஆளாக ஏறி, என்ன மீன் எவ்வளவு பிடித்தார்கள், ஆமை ஏதும் வலையில் மாட்டியதா என்று பார்த்து எழுதுகிறவர். கப்பலில் அவருக்குச் சோறு உண்டு, சிநேகிதம் கிடையாது.]

அப்போது ஒன்பது பேர் கடலில் இருந்தார்கள். துறைமுகங்கள் மூடிக் கிடந்தன, இறங்க வழியில்லை. முகக்கவசம், காய்ச்சல்மானி, தனித் தட்டு, தனிக் கோப்பை என்று அலுவலகம் ஒரு பட்டியல் அனுப்பியது. அதன் அடியில் சுலக்ஷனா தன் பங்குக்கு ஒன்று சேர்த்தாள்: தினமும் காலை ஆறு மணிக்கு, சாட்டிலைட் போனில் பெரட்டு.

தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, அதேதான். அலுவலகத்தில் சிரித்தார்கள். அவள் அசரவில்லை. மழையோ பனியோ, காலில் அட்டை ஏறினாலும் ஏறட்டும் என்று ஆறு மணிக்குப் பாறையில் நிற்பாள்.

"ஊரே வீட்டுக்குள்ள அடைஞ்சு கெடக்கு, நாங்க மட்டும் கொழுந்து பறிக்கப் போறோம்னு பாத்தா, நீ பாறையில நின்னு யாரடி கூப்புடுற?" என்றாள் அம்மா நாகலெட்சுமி, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டே.

"கடல்ல இருக்கவங்கள."

"நல்லா சத்தமா கூப்புடு. தூரம்ல!"

4

பெரட்டுத் தொடங்கி இருபத்து மூன்றாம் நாள் ஜெரோமியிடமிருந்து பதில் இல்லை.

ஜெரோமி பட்டிப்பொலத் தோட்டத்துக்காரர். அவரது கப்பலில் சமையல்காரருக்கு இருமல் என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். சுலக்ஷனா திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். கடைசியில் கப்டனிடமிருந்து செய்தி வந்தது: அவர் நலம், தூங்குகிறார்.

[இங்கே நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். ஜெரோமி பெயரில் ஒரு செய்தி வருகிறது: "கப்பல் தேத்தண்ணி பிரமாதம்." தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர் அப்படிச் சொல்வாரா? சுலக்ஷனாவுக்குச் சட்டென்று பொறி தட்டுகிறது... எழுதி முடித்ததும் என்னை நானே மெச்சிக்கொண்டேன். அவளுக்கு வாசித்தும் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "நான் என்ன சிஐடியா சார்? பேரக் கூப்புட்டேன், பதில் வரல. அவ்ளோதான்."]

அவ்வளவுதான். ஆனால் அந்த "அவ்வளவுதான்" லேசுப்பட்டதல்ல. கொழும்பிலிருந்து மேலதிகாரி யோகேஸ்வரன் பேசினார்.

"கப்டனே சொல்லிட்டாரே மிஸ், சரி போட்டுருங்க."

"ஜெரோமி சொல்லல சார்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்ல சார். பெரட்டுல ஒருத்தருக்கு இன்னொருத்தர் பதில் சொல்லக்கூடாது."

5

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது? அதை நாகலெட்சுமியிடமே கேட்டேன்.

"எல்லாம் என்னாலதான் தம்பி. இவ சின்னப் புள்ள அப்ப. பெரட்டுல சண்முகவடிவு பேரக் கூப்புட்டாங்க. ஆளக் காணோம். பேர வெட்டி ஒரு நாள் சம்பளம் போயிருமேன்னு நான்தான் 'இருக்கா'ன்னு சொன்னேன். அவ வர்ற வழியில தண்ணிக் கான்ல விழுந்து காலொடிஞ்சு கெடந்துருக்கா. இருக்கான்னு எழுதியாச்சே, யாரு தேடுவா? மத்தியானம்தான் பாத்தாங்க. இன்னைக்கும் நொண்டிக்கிட்டுத்தான் நடக்குறா. நான் வாயத் தொறக்காம இருந்துருந்தா அப்பவே தேடிப் போயிருப்பாங்க."

அடுத்த நாள் காலையும் பதில் இல்லை. சுலக்ஷனா அறிக்கையில் எழுதினாள்: ஜெரோமி, ஆள் இருப்பது உறுதியில்லை. அப்படி ஒரு வரி போனால் கப்பல் மீன்பிடிப்பை நிறுத்தியாக வேண்டும், ஆளைக் காட்டியாக வேண்டும். ஜெரோமி உண்மையிலேயே தூங்கிக்கொண்டிருந்தால்? நடுக்கடலில் ஒரு கப்பலை வீணாக நிறுத்தியவள் என்று அவள் வேலை அன்றோடு போயிருக்கும். யோகேஸ்வரன் அதை ஒளிக்காமல் சொன்னார். கேட்டுவிட்டு அனுப்பினாள். எனக்கு அந்தத் துணிச்சல் வராது. எழுதுகிறவன் கையை நெஞ்சில் வைத்துச் சொல்கிறேன், வராது.

மூன்று மணிக்குக் கப்பல் நின்றது. நாலரைக்கு அவளுக்கு இணைப்புக் கொடுத்தார்கள். முதலில் மூச்சு இழுக்கிற சத்தம்தான் கேட்டது.

"ஜெரோமியண்ணே, இருக்கீங்களா?"

மூச்சு. மறுபடி மூச்சு.

"இருக்கேன்... தங்கச்சி."

சுலக்ஷனா சரி போட்டாள். அழுத்திய வேகத்தில் பேனா தாளைக் கிழித்துவிட்டது. அந்தத் தாளை நான் பார்த்தேன். கப்பல் நேரே கரைக்குத் திரும்பியது. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் ஆள் இல்லை என்றாராம் டாக்டர்.

6

முடிவுக்கு வருகிறேன். பதிலில்லாத அந்த இரண்டு நாளும் ஜெரோமியின் அறைக்குள் என்ன நடந்தது? மூன்று விதமாக எழுதினேன்.

அ) கப்டன் வெளியே பூட்டிவிட்டார்.

ஆ) மற்றவர்களுக்குத் தொற்றக் கூடாதென்று ஜெரோமியே உள்ளே பூட்டிக்கொண்டார்.

இ) யாரும் பூட்டவில்லை. யாரும் திறந்து பார்க்கவுமில்லை.

இ-தான் எனக்குப் பிடித்திருந்தது. மூன்றையும் சுலக்ஷனாவிடம் கொடுத்தேன்.

"ஜெரோமி என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"இன்னும் ஒண்ணும் சொல்லல சார். கேட்டா சிரிப்பாரு. திரும்பவும் கடலுக்குப் போயிட்டாரு."

"அப்ப இ-யவே வச்சிரவா? அப்படித்தான் நடந்துருக்கும்."

கொப்பியை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்களும் அந்தக் கப்டன் மாதிரியே பேசுறீங்களே சார்."

வீட்டுக்கு வந்து மூன்றையும் கோடு போட்டு அடித்துவிட்டேன். உங்களுக்கு நாலாவதாக ஒன்று தோன்றினால் மனதோடு வைத்துக்கொள்ளுங்கள், கீழே அவர் பெயருக்கு நேரே எழுதிவிடாதீர்கள். அவர் அடுத்த மாதம் கரைக்கு வருகிறாராம்.

ஜெரோமி: