கிழக்கே முளைத்த பாறை

செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் இனியன் இன்டர்நெட் சென்டர் வைத்திருக்கிறார். அதன் மொட்டைமாடியில் செயற்கைக்கோள் இணையத் தட்டைப் பொருத்தியது நான்தான். எங்கள் கம்பெனியின் சோதனை ஓட்டம். நான் இயற்பியல் படித்தவள். மனிதர்களிடம் பேச வராது. வானத்தோடு முடிந்துபோகும் வேலை என்று நம்பிச் சேர்ந்தேன்.

தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒன்று மறைவதற்குள் தட்டு அடுத்ததைப் பிடித்தாக வேண்டும். சென்டருக்குப் பின்னால், மேற்கே, மாடியைவிட உயரமாக ஒரு பாறை. மேற்கே போகும் ஒவ்வொன்றையும் அது விழுங்கியது. லைன் விட்டுவிட்டு அறுந்தது.

இனியன் தினமும் போன் செய்தார்.

"மேடம், உங்க பாறை மறுபடியும் குறுக்க வந்துட்டுது."

"என் பாறை இல்லைங்க சார்."

"அப்ப யார்கிட்ட சொல்றது? தேசிங்கு ராஜா போன் எடுக்க மாட்டேன்றாரு."

போனை வைத்த பிறகும் சிரித்துக்கொண்டிருப்பேன்.

தட்டைக் கம்பத்தில் ஏற்றினால் சரியாகிவிடும். சரியானால் போன் வராது. ஆனாலும் வேலை வேலைதானே. வெள்ளிக்கிழமை கம்பம் நட்டேன். சனிக்கிழமை லைன் ஒருமுறைகூட அறுபடவில்லை. போனும் வரவில்லை. அவ்வளவு நல்ல லைன்மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சென்டருக்கு விடுமுறை. போன் அடித்தது.

"மேடம், மறுபடியும் கட் ஆவுது."

தட்டு தனக்குத் தெரியும் வானத்தை என் போனுக்குப் படமாக அனுப்பும். திறந்த வானம் நீலம், மறைப்பு சிவப்பு. கிழக்கே உருண்டையாக ஒரு சிவப்பு. அந்தப் பக்கம் பாறையே கிடையாது.

சென்டருக்குப் போய், இனியனோடு ஏணியில் மாடிக்கு ஏறிப் பார்த்தேன். தட்டின் பக்கத்தில் ஒரு சவுக்குக் கம்பு. அதன் நுனியில் கவிழ்த்த அலுமினியக் குண்டான்.

"இது இன்னா சார்?"

"காக்கா தூக்கினு வந்திருக்கும் மேடம்."

கீழே வீட்டிலிருந்து அவர் அம்மா ராஜாம்பாள் கத்தினார். "டேய் இனியா, கறிக் கொழம்பு வைக்கிற குண்டான் எங்கடா? காலையிலேர்ந்து தேடினு இருக்கிறேன்."

இனியன் வானத்தைப் பார்த்தார். நான் குண்டானைக் கழற்றினேன். சற்று நேரத்தில் லைன் சீராகிவிட்டது.

"இனிமே கட் ஆவாதுங்களா?"

"ஆவாது."

"அப்ப நீங்க வரமாட்டீங்க."

குண்டானை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"கட் ஆவலன்னாலும் வரேன்" என்றேன்.

"யாருடா மேல?" என்றார் ராஜாம்பாள். "சாப்ட்டுட்டுப் போவச் சொல்லு."

குண்டானோடு இறங்கினேன். ஏணி முடிந்த பிறகும், இல்லாத ஒரு படியில் கால் வைத்தேன்.