ஆறாம் நம்பர் சொல்லும்வரை

இதயம் என்றதும் எல்லோருக்கும் ஒரு வடிவம் நினைவுக்கு வரும். அதை முதலில் வரைந்தவன் இதயத்தைக் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டான் என்பது மாடல்காரியின் கட்சி. அவள் பார்த்திருக்கிறாள். பெரிய மருத்துவமனைக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில் இரண்டு அறை எடுத்து, ஸ்கேன் படங்களை ஒன்றோடொன்று சேர்த்து, கையில் பிடித்துத் திருப்பிப் பார்க்கும்படி பிளாஸ்டிக்கில் அச்சடித்துக் கொடுப்பது அவள் தொழில். தாடை, இடுப்பு, முதுகெலும்பு எல்லாம் செய்து கை தேர்ந்தவள்தான். இருந்தாலும் இதயம் அச்சாகி வந்தால் மட்டும் கையைக் கழுவிவிட்டுத்தான் தொடுவாள்.

தொழிலில் கூட்டாளி அவள் தம்பி. வீட்டில் அவனுக்கு ஃபியூஸ் என்று பெயர். ஏழு வயதில் பிளக் ஓட்டைக்குள் ஹேர்பின்னை விட்டுத் தெருவையே இருட்டாக்கியவன். அன்றிலிருந்து அம்மா அவனுக்கு ஒரே ஒரு பாடத்தைத்தான் நடத்தினாள்: எழுந்து போனால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போ. விளக்கு, விசிறி, கம்ப்யூட்டர், எல்லாம். முப்பத்து நாலு வயதாகியும் அந்தப் பாடத்தை மட்டும் அவன் மறக்கவில்லை.

திங்கட்கிழமை அவர்களுடைய பெரிய கம்ப்யூட்டர் புகையைக் கக்கிவிட்டுச் செத்துப்போனது. செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு இதய அறுவை டாக்டரம்மா மாடியேறி வந்தார். மாடியேறி வருகிறவர் இல்லை அவர், போனில் பேசுகிறவர்.

"நாலு வயசுப் பொண்ணு. படத்துல ரெண்டு ஓட்டை தெரியுது. மூணாவதா ஒண்ணு பின்னால ஒளிஞ்சிருக்கோன்னு எனக்குச் சந்தேகம். நெஞ்சைத் திறந்து வச்சுக்கிட்டு நான் தேடிட்டிருக்க முடியாதும்மா. வியாழக்கிழமை காலைல எட்டு மணிக்கு அந்த இதயம் என் கையில இருக்கணும்."

"இருக்கும் டாக்டர்" என்றாள் மாடல்காரி. சொல்லி முடித்த பிறகுதான் செத்துப்போன கம்ப்யூட்டர் நினைவுக்கு வந்தது.

அச்சடிக்க ஒரு முழு நாள் வேண்டும். ஆகவே புதன் காலை ஏழு மணிக்குள் உருவம் தயாராக வேண்டும். முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள். ஒவ்வொன்றிலும் இதயச் சுவர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டுபிடித்து, எல்லாவற்றையும் கோத்துத் தரும் புரோகிராம் அது. நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்துதான். தம்பியின் பழைய லேப்டாப்பில் ஓட்டினால் அடுத்த மாதம் முடியும். வேறு எங்கோ இருக்கும் கணினியை வாடகைக்கு எடுப்பதைத் தவிர வழியில்லை.

அதில் இரண்டு வகை. ஒன்று, தனி சர்வர். பெரிய கணினியில் ஒரு பகுதியைத் தடுப்புப் போட்டு உனக்கே உனக்கென்று தந்துவிடுவார்கள். உள்ளே நீ மட்டும்தான். மற்றது, பகிர்ந்த ரிமோட் டெஸ்க்டாப். ஒரே கணினி, பத்து பேருக்கு இடம், ஆளுக்கொரு நம்பர், எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே உட்கார்ந்து அவரவர் வேலையைப் பார்த்துக்கொள்வது.

"தனிக்குடித்தனமே போயிடலாம்க்கா" என்றான் தம்பி. "கூட்டுக்குடித்தனத்துல எவன் எப்ப என்ன பண்ணுவான்னு யாருக்குத் தெரியும்?"

இந்த வாக்கியத்தை அவன் பிற்பாடு நெடுநாள் கேட்க வேண்டியிருந்தது.

தனி சர்வரையே முதலில் முயன்றார்கள். புது வாடிக்கையாளருக்குச் சிறியதுதான் உடனே கிடைக்கும், பெரியதற்கு அனுமதி வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். சிறியதில் ஓட்டிப் பார்த்தால் நாற்பத்தோரு மணி நேரம் என்று காட்டியது. பகிர்ந்த கணினியோ யானை பலம். ஏற்கெனவே ஒன்பது பேர் இருந்தும் பதினாறு மணி நேரம்தான் கேட்டது. அவளுக்கு மீதியிருந்த ஆறாம் நம்பர் கிடைத்தது. குழந்தையின் பெயரை நீக்கிவிட்டுப் படங்களை ஏற்றி, பதினோரு மணிக்கு ஓட்டத்தைத் தொடங்கினாள். அதிகாலை மூன்றுக்கு முடியும். அப்பாடா என்று உட்கார்ந்தாள்.

உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் தெரிந்தது. பெயர் கிடையாது, நம்பர்தான். மூன்றாம் நம்பர் ஏதோ கார்ட்டூன் படம் ஓட்டிக்கொண்டிருந்தார். ஏழு கட்டடம் வரைந்துகொண்டிருந்தார். எட்டாம் நம்பரின் புரோகிராம் எழுபது மணி நேரமாக மூச்சு விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. முகம் தெரியாத பத்து பேர், எங்கோ பூட்டிக் கிடக்கும் ஓர் அறையில், ஒரே இயந்திரத்துக்குள், முழங்கை இடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நினைக்க நினைக்க அவளுக்கு மலைப்பாக இருந்தது.

மாலை நாலு மணி பத்து நிமிடம். மாடல்காரி பிரிண்டரின் முனையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஓட்டம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்த்த தம்பி, டீ குடிக்கக் கிளம்பினான். ஜன்னலைச் சாத்தினான். விசிறியை நிறுத்தினான். போகிற போக்கில், பழக்க தோஷம், திரையில் ஷட் டவுனையும் அழுத்திவிட்டுப் போனான்.

அந்தக் கணினியை வாடகைக்கு விட்டிருந்த புண்ணியவான் பத்து சாவியையும் முதலாளி சாவியாகவே கொடுத்து வைத்திருந்தார்; உள்ளே இருக்கும் யார் வேண்டுமானாலும் மொத்தக் கணினியையும் அணைக்கலாம். தம்பி அணைத்தது தன் லேப்டாப்பை அல்ல. பத்து பேர் உட்கார்ந்திருந்த அந்த யானையையே படுக்க வைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான்.

டீக்கடையிலிருந்து திரும்பியவன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். பேயறைந்தது போல் நின்றான். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

முக்கால் மணி நேரத்தில் கணினி மறுபடி எழுந்தது. அவள் ஓட்டத்தை முதலிலிருந்து தொடங்கினாள். வேலை பறிபோன ஒன்பது பேரும் அதே நேரத்தில் முதலிலிருந்து தொடங்கியிருந்தார்கள். உள்ளே எள் போட்டால் விழாத கூட்டம். மணி ஐந்து. கையில் இருப்பது பதினாலு மணி நேரம். திரை இருபத்தொன்பது என்றது.

அப்போது திரையின் நடுவில் ஒரு பெட்டி முளைத்தது. அந்தக் கணினிக்குள் இருப்பவர் மற்றவருக்குச் செய்தி அனுப்ப முடியும் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது. எட்டாம் நம்பரிடமிருந்து.

"எவன்யா அணைச்சது? மூணு நாள் வேலை போச்சு."

தம்பி எட்டிப் பார்த்தான். "பதில் போடாதேக்கா. கரண்ட் போச்சுன்னு நினைச்சுக்கட்டும்."

மாடல்காரி அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எல்லா நம்பருக்கும் போகும்படி எழுதினாள்.

"நான் ஆறாம் நம்பர். அணைச்சது எங்க ஆள்தான். தப்பு எங்களோடது. நான் இதுல செய்யறது ஒரு குழந்தையோட இதயம், ஆபரேஷனுக்கு டாக்டர் கேட்டது. காலை ஏழு மணிக்குள்ள முடியணும், ஆனா இந்த வேகத்துல முடியாது. கேக்கறதுக்கு எனக்கு வாயில்லை. இருந்தாலும் கேக்கறேன். கொஞ்ச நேரம் வெளியே இருக்க முடியுமா? எல்லாரும் பாக்கற இடத்துல ஆறாம் நம்பர்னு ஒரு ஃபைல் வைக்கறேன். முடிஞ்சதும் அதுல எழுதறேன்."

அனுப்பிவிட்டு நகத்தைக் கடித்தாள். அடித்தவனே வந்து உதவி கேட்டால் யார் செய்வார்கள்?

ஒரு நிமிடம் எதுவும் நடக்கவில்லை. பிறகு பட்டியலில் மூன்றாம் நம்பர் மறைந்தது. இருபத்தொன்பது, இருபத்தைந்தானது. ஏழு போயிற்று. ஒன்று போயிற்று. நான்கும் ஒன்பதும் சொல்லிவைத்தாற்போல் சேர்ந்து போயின. ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. கோயிலில் நடை சாத்தும்போது விலகுவது போல் சத்தமில்லாமல் எழுந்து போனார்கள். பதினெட்டு. தம்பி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கடைசியில் எட்டு மட்டும் இருந்தது. பதினைந்து மணி நேரம் என்று காட்டியது திரை. ஒரு மணி நேரம் துண்டு விழுகிறது.

பெட்டி முளைத்தது. "குழந்தைக்கு எத்தனை வயசு?"

"நாலு" என்று அடித்தாள்.

எட்டாம் நம்பர் மறைந்தது. பத்து மணி நேரம் என்றது திரை. அத்தனை பெரிய இயந்திரம் முழுவதும், ஒரு மூலை விடாமல், ஒரு சின்ன இதயத்துக்காக ஓடத் தொடங்கியது. மாடல்காரி அழுதாள். அழுவதை மறைக்கவும் இல்லை.

புதன் விடிந்து ஆறு மணிக்கு வந்து பார்த்தபோது உருவம் முழுதாக நின்றது. திரையை நிறைத்து, மெல்லத் திரும்பிக்கொண்டு. அவள் பின்பக்கம் திருப்பினாள். பெரிய குழாயின் மடிப்புக்குப் பின்னால், மிளகளவு, மூன்றாவது ஓட்டை. முந்நூற்றுப் பன்னிரண்டு படங்களில் ஒன்றில்கூடக் கண்ணில் படாதது.

உருவத்தைத் தன் பக்கம் இறக்கிக்கொண்டு, தொடர்பைத் துண்டித்துவிட்டுப் பிரிண்டரிடம் ஓடினாள். அதற்குப் பிறகு நாள் போனதே தெரியவில்லை. ஒரு முறை இழை சிக்கியது, ஒரு முறை மேசை ஆடியது. இருவரும் மாறி மாறிக் காவல் இருந்தார்கள். வியாழன் காலை ஏழே முக்காலுக்கு, கையைக் கழுவிக்கொண்டு, அந்த இதயத்தை எடுத்துப் பஞ்சில் வைத்தாள். மூடிய பிஞ்சுக் கையளவுதான் இருந்தது. தம்பி அதைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து ஓடினான்.

மதியம் இரண்டரைக்கு டாக்டரம்மா போன் செய்தார். "நீ காட்டின இடத்துலயே இருந்துதும்மா. மூணையும் மூடியாச்சு. இதயம் தானா துடிக்க ஆரம்பிச்சிடுச்சு."

போனை வைத்ததும் தம்பி இன்னொரு நல்ல செய்தி சொன்னான். "பெரிய தனி சர்வருக்கு அனுமதி வந்துடுச்சுக்கா. இனிமே நாம யாருக்கும் பயப்பட வேண்டாம். நம்மளுக்கும் யாரும் பயப்பட வேண்டாம். எடுத்துடட்டுமா?"

அப்போதுதான் அவளுக்குச் சுரீரென்றது. முடிந்ததும் எழுதுகிறேன் என்றாளே. எழுதினாளா?

பதறிப்போய் உள்ளே நுழைந்தாள். பட்டியலில் ஆறாம் நம்பர் மட்டும்தான். அன்று தொடர்பைத் துண்டித்தாளே தவிர, முறைப்படி வெளியேறவில்லை. ஒன்றரை நாளாக அந்த யானை சும்மா நின்றிருக்கிறது. புரோகிராமின் ஜன்னலை மூடியதும் அதன் பின்னால் அவள் வைத்த ஃபைல் தெரிந்தது. காலியாக விட்டிருந்ததில் இப்போது எழுத்துகள் இருந்தன.

"செவ்வாய் ராத்திரி 9.10. மூணு. எட்டிப் பார்த்தேன். ஓடுது. போறேன்."

"புதன் காலை 7.30. ஒண்ணு. ஓட்டம் நின்ன மாதிரி இருக்கு. ஆனா ஆறு இன்னும் உள்ளதான் இருக்காங்க. ஒண்ணும் எழுதலை. எதுக்கும் வெளியவே இருப்போம்."

"புதன் மதியம். ஏழு. எல்லாரும் ஒரே சமயத்துல எட்டிப் பாக்காதீங்கப்பா. அதுவும் பாரம்தான்."

"புதன் சாயங்காலம். ரெண்டு. சொல்றேன்னு சொன்னாங்கல்ல? சொல்லுவாங்க."

"வியாழன் காலை 8. எட்டு. மூணு நாள் போனவனுக்கு இன்னும் ரெண்டு நாள் என்ன பெரிசு. காத்திருக்கேன்."

தம்பி தோளுக்குப் பின்னாலிருந்து படித்தான். "யாருக்கா இவங்கல்லாம்?"

அவளுக்குத் தெரியவில்லை. எந்தத் தெரு, என்ன முகம், எதுவும் தெரியவில்லை. தனி சர்வர் பற்றிய கேள்வி அந்தரத்திலேயே நின்றது. அவனும் திரும்பக் கேட்கவில்லை.

"முடிஞ்சுது" என்று எழுதினாள். "மன்னிச்சிடுங்க, சொல்ல மறந்துட்டேன். குழந்தையோட இதயம் துடிக்குது. எல்லாரும் உள்ள வாங்க."

சேமித்துவிட்டுக் காத்திருந்தாள். கால் மணி நேரம் கழித்து முதலில் வந்தது எட்டாம் நம்பர்தான். ஃபைலைப் படிக்கும் நேரம் கடந்தது. பிறகு அவள் திரையில் பெட்டி முளைத்தது.

"நாலு வயசுன்னீங்க. இனிமே அஞ்சாகும்."