கோடரித் தண்ணீர்

அறுப்பைத் தடுக்கும் சட்டம் வந்த மூன்றாம் வருடம், டிசம்பர் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், டான்சானியா எல்லையோரத்து லொய்டா குன்றுகளில் லெமரோனின் மகள் சிமலோயை எட்டு இளைஞர்களால் தூக்க முடியவில்லை. அவளுக்கு வயது பதின்மூன்று. முந்தைய மாதம் பள்ளிக்கூடத்துத் தராசில் முப்பத்தெட்டு கிலோ இருந்தாள்.

பெண்ணுறுப்பை அறுக்கும் சடங்கு அங்கே விடிந்ததும் நடக்கும். தலையை மழித்து, மாட்டுப்பட்டியில் நிறுத்தி, கோடரி ஊறிய தண்ணீரைத் தலையில் ஊற்றுவார்கள். இரும்பின் உறுதி உடம்பில் ஏறினால் கத்தி படும்போது பெண் அசையமாட்டாள். அசைந்தால் அப்பனுக்குத் தலைகுனிவு. பிறகு வீட்டு வாசலில் விரித்த மாட்டுத்தோலுக்கு அவளைக் கொண்டுபோவார்கள். தோல் இல்லாமல் அறுப்பதில்லை. புண் ஆறினதும் கல்யாணம். கல்யாணமானால் எட்டாம் வகுப்பு கிடையாது. சிமலோய்க்குப் பரிசமாக வந்த கிடாரிகள் ஏற்கெனவே பட்டியில் நின்றன. அவள் மூன்று முறை மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். மூன்று முறையும் லெமரோன் மழையைப் பற்றிப் பேசினான்.

கோடரியை ஊறவைப்பது தாயின் வேலை. ஓர் இரவு போதும். சிமலோயின் தாய் நோலாரி ஒன்பது நாள் ஊறவைத்திருந்தாள். தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. தலையில் ஊற்றியதும் சிமலோய் சாணத்தின் மேல் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். எட்டுப் பேர் தூக்கிப் பார்த்தார்கள். கயிறு கட்டி இரண்டு எருதுகளை இழுக்க விட்டார்கள்; கயிறு அறுந்தது. தோலை அவளுக்கு அடியில் நுழைக்கப் பார்த்தார்கள், ஓரம்கூட நுழையவில்லை. கால்களைப் பிரிக்கப் போனவனுக்கு மணிக்கட்டு பிசகியது.

வாசலில் கத்தியோடு காத்திருந்த அறுப்புக்காரி சிதெயாவுக்கு வெயில் ஏற ஏற எரிச்சல் ஏறியது. "பால் குடிச்சு வளந்த பசங்கதானேடா நீங்க? ஒரு பொட்டப்புள்ளய நகத்த முடியல!"

"சிங்கத்தத் தூக்கச் சொல்லு, தூக்குறோம். இவ மலையாட்டம் கெடக்குறா. வேணும்னா நீயே வந்து தூக்கு தாயி."

லெமரோன் மனைவியின் பக்கம் திரும்பினான். "தண்ணியில என்னடி போட்ட?"

"கோடரிதான். புள்ள அசையக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அசையல."

சிதெயா பொடி டப்பாவை மூடிக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள், அதுவரை மேசை இழுப்பறையில் கிடந்த சட்டத் தாளை எடுத்துக்கொண்டு அரசாங்கம் நியமித்த ஊர் அதிகாரியான சீஃப் வந்தார். பட்டி வேலிக்கு வெளியே நின்று படித்தார். அறுத்தாலும் சிறை, கத்தி வைத்திருந்தாலும் சிறை, எல்லை தாண்டி டான்சானியாவுக்குக் கொண்டுபோய் அறுத்தாலும் சிறை, அறுக்காத பெண்ணை ஏளனம் செய்தாலும் சிறை.

"அப்ப லெமரோன் வீட்டப் பத்தி நாங்க வாயே தெறக்கக் கூடாதா, ஐயா?" என்று ஒருவன் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

"தாராளமாத் தெறங்க மாமா," என்றாள் சிமலோய் பட்டிக்குள்ளிருந்து. பாலோடு சேர்த்து நோலாரி கொண்டுவந்த நோட்டு அவள் மடியில் இருந்தது. "பேரு எழுதி வெச்சுக்கறேன்."

சிரிப்பு நின்றது.

அவள் முப்பத்துநான்கு நாள் அங்கேயே இருந்தாள். மாடுகள் அவளைச் சுற்றிப் போகப் பழகின. கிடாரிகள் வந்த வழியே திரும்பின. தலையில் முடி ஒரு விரல்கடை வளர்ந்தது. ஜனவரியில் பள்ளி திறந்த அன்று காலை தானாகவே எழுந்து, சாணத்தைத் தட்டிவிட்டு, நடந்து போனாள். வழியெல்லாம் அவள் காலடி ஒரு சாண் ஆழத்துக்குப் பதிந்தது. மழைக்குப் பிறகு ஆடுகள் இன்றும் அந்தக் குழிகளில் தண்ணீர் குடிக்கின்றன. பெஞ்சு தாங்காததால் எட்டாம் வகுப்பில் அவளுக்கு ஒரு பாறை போட்டுக் கொடுத்தார்கள். மறுவருடம் இன்னும் நான்கு பாறைகள் தேவைப்பட்டன.

அந்தக் கோடரி இப்போது லெமரோன் வீட்டில் தங்குவதில்லை. நவம்பர் பிறந்தாலே தாய்மார்கள் குன்றுகளுக்கு அப்பாலிருந்தும் வந்து வாங்கிப் போகிறார்கள். வேலிக்கு முள் வெட்ட வேண்டுமென்றால் லெமரோன் அது யார் வீட்டுத் தண்ணீரில் கிடக்கிறது என்று விசாரித்துக்கொண்டு போய், வாசலில் நின்று, ஊறி முடியும்வரை காத்திருக்கிறான்.